தங்கச்சியின் மடக்கு வண்டியில் பாலைவனம்

1993 டிசம்பர் 28, பிற்பகல் மூன்று மணி பத்து நிமிடம். வண்டியின் கூரையில் இருந்த காற்றுத் துவாரத்தை நான் எட்டிச் சாத்திய நேரம் அது. மேசையில் மகளின் கைக்கடிகாரம் கிடந்ததால் நேரம் சரியாகத் தெரியும். குளிர்காலத்தில் பாலைவனம் பார்க்கப் போக நினைக்கும் லண்டன்காரருக்கு உதவட்டும் என்று எழுதுகிறேன்.

பிளேஸ்டோவிலிருந்து ஹீத்ரோவுக்கு ட்யூப் ரயிலில் ஒன்றரை மணி நேரம். அங்கிருந்து லாஸ் ஏஞ்சலீஸுக்குப் பதினொரு மணி நேரம். நானும் பதினைந்து வயது மகள் மயூரியும் மட்டுந்தான் போனோம். இவருக்கு லீவு கிடைக்கவில்லை. என் தங்கை ரஞ்சி அதற்குப் பக்கத்தில் ரிவர்சைடில் இருக்கிறாள். அவளுக்குப் பிள்ளைகள் இல்லை. மாதம் தவறாமல் மயூரிக்குக் கடிதம் எழுதுவாள். மயூரி அவற்றை எனக்குக் காட்டுவதில்லை.

27ஆம் திகதி காலை ஒன்பது மணிக்கு ரஞ்சியின் ஜீப்பில் புறப்பட்டோம். பின்னால் மடக்கு வண்டி. மடித்தால் இடுப்பளவு உயரமான பெட்டி; கைபிடியைச் சுற்றினால் கூரை எழும்பும், இரண்டு பக்கமும் கட்டில்கள் வெளியே நீளும், நடுவில் ஒரு கேஸ் அடுப்பு. சுவரெல்லாம் தடித்த துணி, சன்னலெல்லாம் பிளாஸ்டிக். பழைய வண்டியாக வாங்கினாளாம், 1,400 டொலர். எழுபத்தைந்து மைல் போய், ஜோஷுவா ட்ரீ பாலைவனத்தில் நாலாயிரம் அடி உயரத்தில், இரண்டு பாறைகளுக்கு நடுவே அதை ஒரே முயற்சியில் பின்னால் விட்டு நிறுத்தினாள். மயூரி கைதட்டினாள். அவள் எனக்குக் கைதட்டியதாக ஞாபகமில்லை.

பாலைவனம் என்றால் வெயில் என்று நினைத்துக்கொண்டு போகாதீர்கள். அங்கே தண்ணீர்க் குழாய் இல்லை, மின்சாரம் இல்லை. மரத்துக்கு மரம் தூரம், அதனால் காற்றைத் தடுக்க ஒன்றுமில்லை. விடிந்து பார்த்தால் வெளியில் வைத்த போத்தல் தண்ணீர் உறைந்திருந்தது. இரவு கேஸ் ஹீட்டர் எரிந்தபோதும் ரஞ்சி கூரைத் துவாரத்தைத் திறந்தே வைத்திருந்தாள். குளிர் நேரே என் நெற்றியில் இறங்கியது. மயூரி படுத்தது ரஞ்சியோடு மற்றக் கட்டிலில். இருவரும் ஏதோ குசுகுசுத்துச் சிரித்தார்கள். "என்ன பகிடி?" என்று கேட்டேன். "ஒண்டுமில்லை அம்மா, நித்திரை கொள்ளுங்கோ" என்றாள்.

28 மத்தியானம் காற்று கூடியது. துணிச்சுவர்கள் உப்பி உப்பி அடங்கின. விறகும் தண்ணீரும் வாங்க ரஞ்சி பதினாலு மைல் தள்ளியிருந்த ஊருக்குப் போகப் புறப்பட்டாள். மயூரியும் சப்பாத்தை மாட்டினாள்.

"நீ நில். சரியான குளிர்."

"ஜீப்புக்குள்ளை என்ன குளிர்? சித்தியோடை போறன்."

"வேண்டாம் எண்டால் வேண்டாம்."

"விடு பிள்ளை," என்றாள் ரஞ்சி. "அம்மா தனிய இருக்கப் பயப்பிடுவா." பிறகு என்னிடம், "அக்கா, ஹீட்டர் எரியேக்கை மேல் துவாரத்தைப் பூட்டிப் போடாதேங்கோ. சன்னலும் ரெண்டு விரலுக்குத் திறந்திருக்கட்டும்."

"நானும் இருவது வருசமாக் கேஸ் அடுப்போடைதான் சீவிக்கிறன்," என்றேன்.

ஜீப் மறைந்ததும் நான் வேலையைத் தொடங்கினேன். லண்டனுக்கு வந்த முதல் குளிர்காலத்தில் எங்கள் ஆட்கள் எல்லாரும் செய்த வேலைதான்: சன்னல் இடுக்குகளில் பேப்பரைத் திணித்து, மேலே டேப் ஒட்டுவது. இங்கே குளியல் துவாய்களைத் திணித்தேன். சன்னல் மூடுதுணிகளை இழுத்து ஸிப்பைப் பூட்டினேன். கூரைத் துவாரத்தையும் சாத்தினேன். ஹீட்டரோடு அடுப்பின் இரண்டு பக்கத்தையும் பற்றவைத்தேன். பத்து நிமிடத்தில் வெக்கை வந்தது. மயூரி ஜாக்கெட்டைக் கழற்றிவிட்டு என் கட்டிலில் வந்து சாய்ந்தாள்.

"சித்தியின்ரை ஹீட்டரைவிட இது நல்லாயிருக்கெல்லோ?"

"ஓம் அம்மா."

அந்த ஒரு சொல்லில் எவ்வளவு சந்தோசப்பட்டேன் என்பதை நினைக்க இப்போது வெட்கமாக இருக்கிறது.

மூன்று ஐம்பதுக்குத் தலையிடிக்கிறது என்றாள். தைலம் பூசினேன். எனக்கும் தலை பாரமாகத்தான் இருந்தது. காற்றின் இரைச்சல் என்று நினைத்தேன். நாலு மணிக்குச் சாப்பிட்டதெல்லாம் சட்டிக்குள் சத்தி எடுத்தாள். சட்டியைக் கழுவ இரண்டு தரம் வெளியே போய் வந்தேன். போகும்போதும் வரும்போதும், குளிர் அவளில் படாதபடி கதவைக் கவனமாகப் பூட்டினேன். இரண்டாம் தரம் வந்து கூப்பிட்டபோது, "சித்தி வந்திட்டாவோ?" என்று முனகினாள். மூன்றாம் தரம் கூப்பிட்டேன். தோளை உலுக்கினேன், தலை ஒரு பக்கம் சரிந்தது.

நாலு இருபது. கதவு இழுபட்டது. ரஞ்சி மூக்கை ஒரு தரம் உறிஞ்சினாள், அவ்வளவுதான். அடுப்பையும் ஹீட்டரையும் திருகி நூர்த்தாள், மயூரியைக் கக்கத்தில் பிடித்து மண்ணுக்கு இழுத்தாள். "நீங்களும் வெளியிலை வாங்கோ. அக்கா, இப்ப வாங்கோ." என் மகள் காற்றில் கிடந்தாள், தலை ரஞ்சியின் மடியில். முகத்தில் மணல் அடித்தது. ரஞ்சி கன்னத்தில் தட்டித் தட்டிப் பெயர் சொல்லிக் கூப்பிட, மயூரி கண்ணைத் திறந்து, "சித்தி" என்றாள். பிழைத்துவிட்டாள் என்று அழுதேன். என்னைக் கூப்பிடவில்லையே என்று அந்த நேரத்திலும் ஒரு மூலையில் எரிந்தது.

பக்கத்து முகாமிலிருந்த ஒரு கிழவர் தன் காரில் ஓடிப்போய் வனக்காவல் நிலையத்தில் செய்தி சொன்னார். ஐந்து மணிக்குச் சற்று முன், சூரியன் இறங்கிய பிறகு, வனக்காவல் அதிகாரி ஒரு பெண் வான் வண்டியில் வந்தாள். கேஸ் எரிந்த நச்சு வாயு என்று சொல்லி மயூரிக்கு ஒட்சிசன் முகமூடி போட்டாள், என் கண்களையும் பார்த்தாள். இருவரையும் ஆஸ்பத்திரியில் காட்டவேண்டும், ஆனால் வானுக்குள் பிள்ளையோடு ஒருவருக்குத்தான் இடம், மற்றவர்கள் பின்னால் வாருங்கள் என்றாள்.

மயூரி முகமூடியை விலக்கினாள். "சித்தி வரட்டும்."

ரஞ்சி என்னைப் பார்க்கவில்லை. "நான் வந்தால் ஜீப்பை ஆர் ஓடுறது? உன்ரை அம்மாவுக்கு ஓடத் தெரியாது. அம்மாவோடை போ."

மயூரி வான் கதவைப் பார்த்தாள்.

"சரி. அம்மா வரட்டும். ஆனால் வானுக்குள்ளை ஒரு சன்னலையும் பூட்டக் கூடாது."