முள்வேலிக்கு எட்டாத உத்தரவு

இன்று வண்ணார் கொண்டுவந்த வேட்டியை உதறியதும் கஞ்சி வாசனை மூக்கில் ஏற, வேட்டி கட்டுவதைத் தவிர நெசவில் வேறெதுவும் அறியாத நான், ஆரணிக்குப் பக்கத்தில் இருந்த, இப்போது பெயர்கூட மிஞ்சாத எங்கள் ஊர்த் தெருவில் போய் நின்றேன். விடியலில் அங்கே, தறியில் ஏற்றும் நெடுக்கு இழைகளான பட்டுப் பாவைத் தெரு நீளத்துக்கு இழுத்துக் கட்டிக் கஞ்சி பூசுவார்கள். தெருவோ குட்டை, கோடியில் முள்வேலி, அதற்கப்பால் கிறிஸ்தவக் குடியானவர்களின் ஊர். வேலி போட்டது யாரென்று கேட்டால் இரண்டு ஊரும் ஒன்றையொன்று கைகாட்டும். அங்கே பாவை மடக்கித்தான் கட்டவேண்டும். மடக்கிய இடத்தில் இழை அறும். அறுந்த பாவுக்கு அம்மாதான் முதலாளியிடம் ஏச்சு வாங்குவாள்.

சர்க்கார் இரண்டு ஊரையும் ஒன்றாக்கித் தண்டோரா போட்டது. மறுநாளே அம்மா வேலியைப் பிடுங்கிப் போட்டுவிட்டு, பாவை அந்தப் பக்கம்வரை நீட்டிக் கட்டினாள். அங்கே குடியிருந்த அருளப்பன் வண்டியோடு வந்து நின்றார்.

"ஏம்மா, வழியில பாவு கட்டிகினு இருந்தா வண்டி எப்டிப் போவும்?"

"போவாதுங்கண்ணே. ஒரே ஊரு ஆயிடுச்சே, உங்க தெரு எங்க தெருன்னு இன்னா இருக்குது?"

"அப்போ என் மாடுங்க எங்க நிக்கும்?"

"எங்க வாசல்ல நிக்கட்டும்."

அவர் மாடுகளை அவிழ்த்து, பாவில் படாமல் ஓரமாக நடத்திவந்து, எங்கள் வாசல் தூணில் கட்டினார். அம்மா நிமிராமல் கஞ்சி பூசிக்கொண்டிருந்தாள். மாடுகள் எங்கள் கூரை வைக்கோலை, யாரையும் கேட்காமல், சொந்த ஊர் வைக்கோலாகவே இழுத்து மென்றன.