மலையாளத்து அவசரம்

எனக்கு எதற்கெடுத்தாலும் பயம். பஸ் வராவிட்டால் என்ன செய்ய என்று ஒரு பயம், வந்துவிட்டால் ஏறும்போது சேலை தடுக்குமே என்று இன்னொரு பயம். ஆகையால் நெய்யாற்றின்கரையில் புதிதாக மாடி எழுப்பிய ஜவுளிக்கடையில் ஆள் எடுக்கிறார்கள், கண்ணாடியில் எழுதி ஒட்டியிருக்கிறது, திங்கட்கிழமை இன்டர்வியூ என்று தங்கச்சி வந்து சொன்னபோது எனக்கு முதலில் வந்தது பயம்தான்.

தொண்ணூறுகளின் நடுவில் அது. நான் அப்போது அண்டியாபீஸில் வேலை பார்த்தேன். முந்திரிக்கொட்டை உடைக்கிற இடத்துக்கு எங்கள் பக்கத்தில் அதுதான் பெயர். ஆபீஸ் என்றதும் மேசை நாற்காலியை நினைத்துவிடக் கூடாது. தரையில் குந்தியிருந்து, வறுத்த கொட்டையைக் கட்டையால் தட்டித் தோட்டை உடைத்து, பருப்பு முறியாமல் எடுக்க வேண்டும். எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டு அம்மையோடு அங்கே போய் உட்கார்ந்தவள் நான். தோட்டில் ஒரு எண்ணெய் உண்டு. விரலில் ஏறினால் ஏறியதுதான். தோல் கறுக்கும், வெடிக்கும், உரியும், மறுபடி கறுக்கும். சர்ச்சில் காணிக்கைப் பை வரும்போது கையை எடுக்கவே கூச்சமாக இருக்கும். இந்தக் கறைக்குள்ளிருந்து எப்படியாவது வெளியே வந்துவிட வேண்டும் என்பதுதான் அன்றைக்கு என் ஆசை முழுக்க. ஆனால் ஜவுளிக்கடைக்காரன் இந்தக் கையால் பட்டைத் தொட விடுவானா?

"கையைப் பாத்து வேலை தாறது ஜோசியன்தான். நீ பேசப் படி" என்றாள் தங்கச்சி.

அவள் பாறசாலைப் பக்கம் காலேஜில் சேர்ந்திருந்தாள். பள்ளிக்கூடத்தில் மலையாள மீடியம். நான் படித்த எட்டும் தமிழில். வீட்டில் தமிழும் பஸ்ஸில் மலையாளமும் பேசுகிற, கேரள எல்லையோரத்துக் கொல்லயில் ஊர்க்காரர்கள்தான் நாங்கள், என்றாலும் என் மலையாளம் சந்தை மலையாளம். இன்டர்வியூவுக்கு அச்சடித்த மலையாளம் வேண்டும் என்று அவள் முடிவு கட்டிவிட்டாள். வீட்டில் இருந்த ஒரே நாற்காலியில் கால்மேல் கால் போட்டு உட்கார்ந்தாள். நான் எதிரே நிற்க வேண்டும். அம்மை அடுக்களையில் மரச்சீனிக் கிழங்கு வெட்டிக்கொண்டே எங்களைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"எந்தா பேரு?"

பேரைச் சொன்னேன்.

"எக்கா, நீ பேரைச் சொல்லுகியா, களவை ஒத்துக்கிடுகியா? சத்தமா சொல்லு."

சத்தமாகச் சொன்னேன்.

"எந்தாணு யோக்யத?"

எனக்கு முகம் சுருங்கிவிட்டது. "எட்டி, இப்படியா கேப்பாவ?"

"மலையாளத்துல யோக்யதன்னா படிப்பாக்கும். ஏச்சு இல்ல."

"எட்டாங்கிளாஸ்காரிக்கு அது ஏச்சுதான்."

அம்மை சிரித்தாள். தங்கச்சி சிரிக்கவில்லை. "எட்டுன்னு சொல்லிட்டு முழிச்சிட்டு நிக்கப்பிடாது. மூச்சு விடாம அடுத்ததைச் சொல்லணும். எனிக்கு ஒரு அவசரம் தரணும், நன்னாயிட்டு ஜோலி செய்யாம். சொல்லு."

மலையாளத்தில் அவசரம் என்றால் வாய்ப்பு. எனக்கு ஒரு வாய்ப்பு தரவேண்டும், நன்றாக வேலை செய்வேன். அந்த ஒரு வாக்கியத்தைத்தான் நான் உயிராகப் பிடித்துக்கொண்டேன். கொட்டை தட்டும்போது சொன்னேன். குளிக்கும்போது சொன்னேன். ஞாயிற்றுக்கிழமை ஜெபத்துக்கு நடுவிலும் அதுவே வந்தது, ஆண்டவருக்கும் கேட்டிருக்கும். கைக்கு எலுமிச்சைத் தோல், சாம்பல், மண்ணெண்ணெய் எல்லாம் போட்டுத் தேய்த்தேன். கறை போகவில்லை, நாற்றம் சேர்ந்தது. அம்மை கடலைமாவு குழைத்துத் தந்து அந்த நாற்றத்தைப் போக்கினாள். கடைசியில் ஒரு கைக்குட்டையைப் பிடித்துக்கொண்டு அதற்குள் விரலை ஒளித்துக்கொள்வது என்று தீர்மானம் ஆயிற்று.

திங்கட்கிழமை தங்கச்சி கடைவாசல் வரை வந்தாள். "உள்ள போ. நான் பஸ் ஸ்டாண்டில நிக்கேன்" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டாள்.

கண்ணாடிக் கதவை இழுக்கவா தள்ளவா என்று தெரியாமல் நின்றேன். உள்ளேயிருந்து ஒருத்தர் திறந்துவிட்டார். குளிர் வந்து முகத்தில் விழுந்தது. ஏசி வைத்த இடத்துக்குள் நான் அதற்குமுன் கால் வைத்ததில்லை. அது மழைக் குளிரும் இல்லை, மார்கழிக் குளிரும் இல்லை. அலமாரி அலமாரியாகப் பட்டு. ஒரு அடுக்கில் சிவப்பு மட்டுமே அத்தனை விதம். அரக்கு, மாதுளை, செம்பருத்தி, பேர் தெரியாத சிவப்புகள். மேலேயிருந்து விழும் வெளிச்சத்தில் சரிகை ஒவ்வொன்றும் தனித்தனியாக மூச்சு விடுவதுபோல இருந்தது. சுவரெல்லாம் கண்ணாடி. எந்தப் பக்கம் திரும்பினாலும் பயந்த முகத்தோடு ஒருத்தி நின்றாள். சற்று நேரம் கழித்துத்தான் அது நான் என்று பிடிபட்டது. வேலை கிடைக்காவிட்டாலும் பரவாயில்லை, இதைப் பார்த்தாயிற்றே என்றுகூட ஒரு நிமிஷம் தோன்றியது.

மாடிப்படிக்குக் கீழே பெண்கள் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். பக்கத்தில் இருந்தவள் மடியில் பிளாஸ்டிக் ஃபைல், அதற்குள் சர்டிபிகேட்டுகள்.

"சேச்சி எது வரை படிச்சிருக்கு?" என்று கேட்டாள்.

"கொஞ்சம்" என்றேன்.

அவள் போய்வந்த பிறகு என்னை உள்ளே கூப்பிட்டார்கள். மேசைக்குப் பின்னால் முதலாளி. திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து வந்து இங்கே வியாபாரம் செய்கிறவர் என்பது அவர் வாயைத் திறந்ததும் தெரிந்தது.

"எந்த ஊரும்மா?"

தமிழில் கேட்டார். நான் மலையாளத்தில் கட்டி எடுத்துக்கொண்டு வந்த மூட்டை அப்படியே அவிழ்ந்து சிதறிவிட்டது.

"கொல்லயில்."

"முன்ன எங்கயும் வேலை பாத்திருக்கியா?"

"ஆபீஸ்ல, சார்."

அவர் நிமிர்ந்து உட்கார்ந்தார். "எந்த ஆபீஸ்?"

"அண்டியாபீஸ்."

பக்கத்தில் நின்ற மானேஜர் முகத்தைத் திருப்பிக்கொண்டார். தோள் குலுங்கியது.

"படிப்பு?"

"எட்டு."

அவர் தலை குனிந்து பேனாவை எடுத்தார். பட்டியலில் என் பேரை அடிக்கப் போகிறார் என்று தெரிந்தது. மூச்சு விடாமல் அடுத்ததைச் சொல்லணும் என்ற தங்கச்சியின் குரல் காதுக்குள் கேட்டது. தமிழில்தானே சொல்ல வேண்டும் என்று அதை அவசர அவசரமாகத் தமிழாக்கினேன். பாதிதான் தமிழாயிற்று.

"சார், எனக்கு ஒரு அவசரம்..."

அதற்குமேல் நாக்கு எழவில்லை. கால் இரண்டையும் சேர்த்து நெருக்கிக்கொண்டு, கைக்குட்டையை முறுக்கிக்கொண்டு, அந்தக் குளிரிலும் நெற்றி வேர்க்க நின்றேன்.

முதலாளி என்னை ஏற இறங்கப் பார்த்தார். பேனாவைக் கீழே வைத்தார். அவர் முகம் அப்படி இளகும் என்று நான் நினைக்கவில்லை.

"அட, அதை மொதல்லயே சொல்லக் கூடாதாம்மா? எதுக்கு இப்படி அடக்கிட்டு நிக்க? பின்னால போ. போ, போ."

கேட்டதும் தந்துவிட்டார். ஃபைல்காரியிடம் எத்தனை கேள்வி கேட்டார் என்று வெளியே இருந்தே கேட்டிருந்தேன். எனக்கு அரை வாக்கியத்தில் முடிந்துவிட்டது. இவ்வளவு பெரிய மனசா ஒரு மனுஷனுக்கு என்று கும்பிட்டுவிட்டுப் பின்னால் நடந்தேன். வேலை செய்து காட்டத்தான் அனுப்புகிறார் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

பின்னால் இரண்டு கதவுகள். ஒன்று சாத்தியிருந்தது, பக்கத்தில் ஒரு வாளி. மற்றது திறந்திருந்தது. திறந்த கதவுக்குள் போனேன்.

முன்னால் பார்த்தது ஒன்றுமில்லை என்று ஆக்கிவிட்டது அந்த அறை. தரை முழுக்க வெள்ளைத் துணி விரித்திருந்தார்கள். அதன்மேல், கல்யாணக்காரர்கள் விரித்துப் பார்த்து வேண்டாம் என்று விட்டுப்போன சேலைகள் மலையாகக் கிடந்தன. நடுவில் ஒரே ஒரு பெண் நின்று மடித்துக்கொண்டிருந்தாள். என்னைவிடப் பத்து வயசு மூப்பு இருக்கும். அவள் என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை.

"புது ஆளா? செருப்பைக் கழத்திட்டு வா. முந்தியப் பிடி."

"அக்கா, என் கை..."

கைக்குட்டையைப் பிடுங்கி எறிந்துவிட்டு என் கையைத் திருப்பிப் பார்த்தாள். "அண்டியாபீஸா?"

"ஆமா."

"ஊறின கறை துணியில பிடிக்காது. வேர்வைதான் பிடிக்கும். தொடை."

என் சேலையில் அழுத்தித் துடைத்துக்கொண்டு பட்டின் முந்தியைப் பிடித்தேன். அவள் மறுமுனையில் மணிக்கட்டை ஒரு சுண்டு சுண்டினாள். அவ்வளவுதான். சேலை முழுவதும் காற்றில் எழும்பியது. குளத்தில் அலை வருகிற மாதிரி அவள் கையிலிருந்து என் கைக்கு ஒரு வளைவு ஓடிவந்தது. பிறகு சேலை தானாக இறங்கித் தன் பழைய மடிப்பின் மேலேயே போய்ப் படுத்துக்கொண்டது. அவள் அதை மடிக்கவே இல்லை. அது போகிற வழியில் விரலை வைத்தாள், எடுத்தாள். புது மடிப்பு ஒன்று விழுந்தால் பட்டில் அந்தக் கோடு பிறகு போகவே போகாது என்பதெல்லாம் பிறகு தெரிந்துகொண்டது. அப்போது எனக்கு வாய் திறந்திருந்தது என்பது மட்டும் ஞாபகம் உண்டு.

"வாய மூடு. அடுத்தது."

அடுத்தது, அடுத்தது என்று வந்துகொண்டே இருந்தன. அண்டியாபீஸில் பருப்பு முறிந்துவிடக் கூடாதே என்று பயந்து பயந்து பழகிய கை. அதே பயத்தோடு சேலையைப் பிடித்தேன். குவியலின் அடியிலிருந்து ஒரு வெள்ளைப் பட்டு வந்தது. எங்கள் சபையில் மணப்பெண் உடுத்துகிற மாதிரி, கரையில் மெல்லிய சரிகை. வெள்ளையின் மேல் என் விரல்கள் கரிக்கட்டை மாதிரி இருந்தன. அவள் சுண்டினாள். வெள்ளை எழும்பியது, வளைந்தது, இறங்கியது. மடித்து முடித்ததும் நான் பிடித்த இடத்தைக் குனிந்து பார்த்தேன். ஒன்றுமில்லை. பால் மாதிரி இருந்தது. நான் தொட்டதற்கு ஒரு அடையாளமும் இல்லை. அந்த இடத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

வாசலில் யாரோ மூச்சு வாங்கினார்கள். முதலாளி.

"எம்மா, நீ இங்கயா நிக்க? உள்ள மயங்கி விழுந்துட்டியோன்னு அந்தக் கதவைத் தட்டிட்டு நிக்கேன் நான்!"

எனக்குப் புரியவில்லை. "சார்தான பின்னால போகச் சொன்னீங்க?"

"அவசரம்னு சொன்னியேம்மா?"

"ஆமா சார். அதான் தந்துட்டீங்களே."

அவர் என்னைப் பார்த்தார். நான் அவரைப் பார்த்தேன். மடிக்கிற அக்காதான் முதலில் சிரித்தாள். சிரிப்பில் கையிலிருந்த சேலையையே விட்டுவிட்டாள்.

"மொதலாளி, பிள்ளை கேட்டது மலையாளத்து அவசரமாக்கும்."

அவர் கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு, கண்ணில் நீர் வரச் சிரித்தார். "இத்தனை வருசமா இங்க யாபாரம் பண்ணுதேன். பாத்ரூமுக்கு வழி காட்டி வேலைக்கு ஆள் எடுத்தது இன்னைக்குத்தான்." எனக்கு அப்போதுதான் நான் என்ன சொல்லியிருக்கிறேன் என்று உறைத்தது. பூமி பிளந்தால் இறங்கியிருப்பேன். ஆள் எடுத்தது என்று அவர் சொன்னதுகூடக் காதில் ஏறவில்லை, வேலை இனி அவ்வளவுதான் என்று நினைத்தேன்.

அவர் சிரித்து முடித்து அந்த வெள்ளைப் பட்டை எடுத்துத் திருப்பிப் பார்த்தார். ஓரத்தை விரலால் நீவினார். அக்காவிடம் கேட்டார்: "பிள்ள எப்படி?"

"இழுக்கல்ல" என்றாள் அவள்.

துணியை இழுத்துப் பிடிக்கவில்லை என்கிற அந்த ஒற்றைச் சொல் எவ்வளவு பெரியது என்று அவளோடு வேலை பார்த்த பிறகுதான் தெரிந்தது. வேறு யாரையும் அவள் அப்படிச் சொல்லி நான் கேட்டதில்லை.

"நாளைக்கு வந்துருவியாம்மா?"

"வாறேன் சார்."

கண்ணாடிக் கதவைத் தாண்டி வெயிலுக்கு வந்ததும்தான் எனக்கு நிஜமாகவே தமிழ் அவசரம் வந்தது. திரும்பிப் போய்க் கேட்க மானம் விடவில்லை. பஸ் ஸ்டாண்ட் வரை பல்லைக் கடித்துக்கொண்டு நடந்தேன். அங்கே தங்கச்சி நின்ற நிலையில் நகத்தைத் தின்று தீர்த்திருந்தாள்.

"என்ன கேட்டாவ?"

"பெரிசா ஒண்ணும் கேக்கல்ல."

"நான் படிப்பிச்சதைச் சொன்னியா?"

"பாதி சொன்னேன்."

"பாதியா? போச்சு. மிச்சம் எங்க போச்சு?"

"பாதியிலயே கிடைச்சாச்சு, மக்கா."

அவள் நம்பவில்லை. கையை அவள் மூக்குக்கு நேரே நீட்டினேன். கறை அப்படியே இருந்தது. ஆனால் புதுத் துணி மணத்தது.