எட்டாத மோதிரவிரல்

1912ஆம் வருஷம் ஆகஸ்டு மாதம் 10ந் தேதி, சனிக்கிழமை. காலை ஐந்து மணிக்கு எழுந்தேன். பாளையங்கால்வாயில் குளியல். மேற்கே மலையில் மழை. தண்ணீர் கலங்கலாக இரண்டாம் படியைத் தொட்டு ஓடியது. ஆறரைக்கு ஜெபம். ஏழு மணிக்குப் பழைய சோறும் சுண்டக்கறியும். எட்டு மணிக்கு சர்வே ஆபீஸ். அன்று அரை நாள் வேலை. ஸ்ரீவைகுண்டம் பக்கத்து வாய்க்கால் படம் ஒன்றுக்கு மை ஏற்றி முடித்தேன். ஒன்றே காலுக்கு வீட்டுக்குப் புறப்பட்டேன். இவ்வளவும் என் நாட்குறிப்பில் இருக்கிறது. இவற்றுக்குக் கீழே, காலையிலேயே பென்சிலால் எழுதிவைத்த ஒரு வரியும் இருக்கிறது: "நாலு மணிக்கு வாத்தியார் வருகிறார். கித்தார் போகும்."

அந்த வரியை எழுத எனக்கு மனம் வரவில்லை. காரணத்தைச் சொல்ல வேண்டும்.

எங்கள் வேதக்கோயில் பாடகர் குழுவில் இருபத்திரண்டு வருஷம் பேஸ் என்னும் தாழ்ந்த குரலில் பாடியவன் நான். 1910இல் வந்த ஒரு காய்ச்சலுக்குப் பிறகு தொண்டை கெட்டது. பேச முடியும், பாட முடியாது. முயன்றால் ரத்தம் வரும் என்று டாக்டர் சொல்லிவிட்டார். அதற்கு முன் தினமும் மாலை ஜெபத்தில் நானும் என் மனைவியும் இரண்டு குரலில் ஞானப்பாட்டுப் பாடுவோம். அதற்குப் பின் அவள் தனியே பாடினாள். நான் புத்தகத்தைப் பிடித்துக்கொண்டிருந்தேன். கொஞ்ச நாளில் அவள் முதல் கவியோடு, நாலு வரியோடு, நிறுத்திக்கொள்ள ஆரம்பித்தாள். நானும் புத்தகத்தை மூடிவிடுவேன்.

என் மனைவி பெண்கள் பள்ளிக்கூடத்தில் உபாத்தியாயினி. அங்கே இருந்த மிசியம்மா ஜூன் மாதம் சீமைக்குத் திரும்பும்போது தன் கித்தாரை எங்களிடம் விட்டுப் போனார். "அவள் பாடட்டும், நீங்கள் வாசியுங்கள்" என்றார். ஒரு நிபந்தனையும் வைத்தார். ஆகஸ்டு இரண்டாம் வாரத்துக்குள் ஒரு ஞானப்பாட்டை முழுவதும் வாசிக்க வேண்டும். முடியாவிட்டால், கிழக்கே ஆறு மைலில் ஆற்றோர ஊரில் இருக்கும் மிஷன் பள்ளிக்கூடத்து வாத்தியாரிடம் அதைக் கொடுத்துவிட வேண்டும். சும்மா தொங்கும் கித்தார் கெட்டுப்போகும் என்பது அவர் கருத்து. அது நியாயம் என்று நானும் ஒப்புக்கொண்டேன்.

புறப்படுவதற்கு முன் அரை மணி நேரம் நாற்காலியில் உட்கார்ந்து வாசித்துக் காட்டினார். பல தந்திகளைச் சேர்த்து அழுத்தும் பிடிகள் மூன்று. அந்த மூன்றையும் மாற்றி மாற்றிப் பிடித்தால் பெரும்பாலான பாட்டுகளுக்குப் போதும் என்றார். எந்த விரல் எந்தத் தந்தியில் என்று படம் வரைந்துகொண்டேன்.

முதல் இரண்டு பிடிகளும் ஜூலைக்குள் வந்துவிட்டன. மூன்றாவது வரவில்லை. அதில் சுட்டுவிரல், கழுத்தில் குறுக்கே பதித்த கம்பிகளுக்கு நடுவே முதல் கட்டத்தில் ஒரு தந்தியை அழுத்தி நிற்க, மோதிரவிரல் மூன்றாம் கட்டம் வரை நீண்டு, அப்பால் இருக்கும் தந்தியைத் தொட வேண்டும். எனக்கு ஒரு நெல்மணி அகலம் குறைந்தது. தந்தி ஊமையாக டொக்கென்றது.

நான் படம் வரைகிறவன். ஒன்று பொருந்தவில்லை என்றால் அளந்து பார்ப்பேன். இடது கையைக் கவராயத்தால் அளந்தேன். மோதிரவிரல் இரண்டே முக்கால் அங்குலம். விரித்த சாண் ஏழே முக்கால். கித்தார்ப் பெட்டிக்குள் மிசியம்மா மறந்துபோன கையுறை ஒன்று கிடந்தது. அதன் மோதிரவிரல் மூன்றே கால். அரை அங்குலம் வித்தியாசம். அத்தோடு எனக்கு விஷயம் முடிந்துவிட்டது. கடவுள் கொடுத்த விரல் இவ்வளவுதான். ஆனாலும் இருபத்தோரு நாள் ஆமணக்கெண்ணெய் தடவி விரல்களை இழுத்துவிட்டேன். ஆபீசில் மை காயும் நேரத்தில் மைக்கூட்டின் மேல் விரல்களை அகட்டி வைத்திருந்தேன். ஒவ்வொரு திங்களும் அளந்து எழுதினேன். மயிரிழைகூட நீளவில்லை.

சனிக்கிழமை ஒன்றரை மணிக்கு வீட்டுக்குள் நுழைந்தபோது மனைவி கித்தாரைக் கட்டிக்கொடுக்கப் பழைய சேலைத் துணி ஒன்றை எடுத்து வைத்திருந்தாள். கித்தாரைப் பாயிலிருந்து தூக்கி, பிள்ளையை வைப்பதுபோல் இடுப்பில் சாய்த்துக்கொண்டு நின்றாள். அதன் கழுத்து அவள் தோளுக்கு மேலே போயிற்று. துணியின் ஓரத்தைத் தேடிக்கொண்டே இடது கையால் தந்திகளைப் பிடித்தாள். பிறகு, நான் இரண்டு மாதமாகச் செய்ததைப் பார்த்த பழக்கத்தில், விரல்களை ஒவ்வொன்றாக வைத்து வலது கையால் ஒரு தட்டுத் தட்டினாள்.

மூன்றாவது பிடி சுத்தமாக ஒலித்தது.

"ஏட்டி, அசையாத! அப்படியே நில்லு" என்றேன்.

"ஐயோ, ஒடச்சிட்டேனா?"

"இல்ல. கைய மட்டும் எடுத்துராத."

கவராயத்தையும் அடிக்கோலையும் எடுத்து வந்தேன். அவள் முகத்தில் ஒரு சலிப்பு வந்தது. "மத்தியானச் சோத்துக்கு இன்னும் அரிசி களையல. இப்ப என் வெரல அளந்து என்னத்துக்கு ஆவப்போவுது?"

அளந்தேன். அவள் மோதிரவிரல் இரண்டரை அங்குலம். என்னுடையதைவிடக் கால் அங்குலம் குட்டை. நம்பாமல் மறுபடி அளந்தேன். அதே இரண்டரை.

"எப்படி எட்டுச்சு?"

"எட்டுச்சு, அவ்வளவுதான். நீங்க ஏன் அத மடியில படுக்கப் போட்டு வாசிக்கிய?"

அப்போதுதான் புரிந்தது. எங்கள் ஊரில் தந்தி வாத்தியத்தோடு யாரும் நாற்காலியில் உட்கார்ந்து நான் பார்த்ததில்லை. பாயில் சம்மணமிட்டு, வீணையைப்போல் கித்தாரைக் கிடத்தித்தான் இரண்டு மாதமும் பழகினேன். மிசியம்மா நாற்காலியில் உட்கார்ந்ததை, கவுனும் சப்பாத்தும் போட்டவருக்குத் தரையில் உட்கார வராது என்று எடுத்துக்கொண்டேன். விரல்களின் இடத்தையெல்லாம் படம் வரைந்தவன், அவர் உட்கார்ந்திருந்த விதத்தை வரையவில்லை. படுத்திருக்கும் கழுத்தை அடியிலிருந்து பிடித்தால் உள்ளங்கை மரத்தோடு ஒட்டிக்கொள்கிறது. விரலின் பாதி நீளம் அங்கேயே செலவாகிறது. கழுத்து மேல்நோக்கி நின்று, கட்டைவிரல் பின்னால் இருந்தால், மணிக்கட்டு கீழே இறங்கி எல்லா விரலும் முழு நீளத்துக்கு வருகிறது.

நாற்காலியில் உட்கார்ந்தேன். மூன்றாவது பிடியைப் பிடித்தேன். எட்டியது. ஒட்டியும் ஒட்டாமலும்தான், ஆனால் எட்டியது.

மணி இரண்டு. நாலு மணி வரை எழவில்லை. சாப்பாட்டை அவள் பக்கத்து முக்காலியில் கொண்டுவந்து வைத்தாள். அது ஆறிப்போயிற்று.

வாத்தியார் சொன்ன நேரத்துக்கு வண்டியில் வந்து இறங்கினார். ஆள் பெருத்த உடம்பு, என்னைவிடப் பத்து வயது சின்னவர், எதையும் உரக்கச் சொல்கிறவர். ஜூலையில் ஒருமுறை வந்தபோதே என் விரல்களை வெண்டைக்காய்ப் பிஞ்சு என்று சொல்லிச் சிரித்தவர்.

"என்ன அண்ணாச்சி, வெண்டைக்காப் பிஞ்சு முத்திட்டா? வண்டியில வைக்கோல் மெத்தயே போட்டுக் கொண்டாந்திருக்கேன். எடும் வே பெட்டிய."

"ஒரு பாட்டு வாசிக்கேன். கேட்டுட்டு, முழுசும் வரலன்னா எடுத்துட்டுப் போவும்" என்றேன்.

அவர் சிரிப்பு கொஞ்சம் குறைந்தது. பாயில் உட்கார்ந்தார். மனைவி கதவுநிலையைப் பிடித்துக்கொண்டு நின்று பாடினாள். நாலு கவி உள்ள பாட்டு. முதல் கவி சரியாகப் போயிற்று. இரண்டாவதில் மூன்றாம் பிடிக்கு மாறும்போது விரல் வழுக்கியது, தந்தி டொக்கென்றது. நான் நிறுத்தினேன். அவள் நிறுத்தவில்லை, அந்தக் கவியைத் தனியாகவே முடித்தாள்.

"தவறிட்டு. முழுசும் வாசிக்கல. எடுத்துக்கிடும்" என்று கித்தாரை நீட்டினேன்.

வாத்தியார் அதை வாங்கி, என் விரல்கள் இருந்த இடத்தில் தம் விரல்களை வைத்தார். அவருடைய ஒரு விரல் இரண்டு தந்திகளை மூடியது. ஒவ்வொன்றாக விலக்கி வைத்துப் பார்த்தார். பக்கத்துத் தந்தியில் இடித்துக்கொண்டே இருந்தது. நெற்றி வேர்த்துவிட்டது.

"மதினி, இது என்ன, கொழுக்கட்டை வெரலுக்கு இதுல எடமே இல்ல!"

அவள் சேலைத் தலைப்பால் வாயை மூடிக்கொண்டு சிரித்தாள். எனக்கும் சிரிப்பு வந்தது.

அவர் கித்தாரைத் திருப்பிக் கொடுத்தார். "பாட்டு நிக்கல, அண்ணாச்சி. மதினி பாடி முடிச்சாவ. நீருதான் பாதியில நின்னுக்கிட்டீரு. தப்பு வந்தா வந்துட்டுப் போவுது. நிக்காம இன்னொரு வாட்டி அடியும். அதுல முடிஞ்சா உமக்கு, நின்னா எனக்கு. மிசியம்மாவுக்கு நானே காயிதம் எழுதுதேன்."

மறுபடி ஆரம்பித்தேன். இரண்டாம் கவியில் அதே இடத்தில் அதே தந்தி டொக்கென்றது. நிற்கவில்லை. மூன்றாவதில் ஒலித்தது. நாலாவதில் பாதி ஒலித்தது. ஆமென் சொல்லும்போது வாத்தியாரும் உரக்கச் சேர்ந்துகொண்டார். நாங்கள் இருவரும் ஒரு பாட்டை முதலிலிருந்து கடைசி வரை சேர்ந்து முடித்தது இரண்டு வருஷத்துக்குப் பிறகு அன்றுதான். அவள் என் பக்கம் பார்க்காமல் அடுப்படிக்குள் போய்விட்டாள். வெகுநேரம் பாத்திரம் உருட்டும் சத்தம் கேட்டது.

வாத்தியார் காப்பி குடித்துவிட்டு வெறும் வண்டியோடு புறப்பட்டார். "அறுப்பின் பண்டிகைக்கு ரெண்டு பேரும் எங்க ஊர்க் கோயிலுக்கு வந்து வாசிக்கணும். வரலன்னா அன்னைக்கே தூக்கிட்டுப் போயிருவேன், பாத்துக்கிடும்" என்று வண்டியில் ஏறிய பிறகும் சொல்லிக்கொண்டு போனார்.

மறுநாள் ஞாயிறு. ஐந்து மணிக்கு எழுந்ததும் முதல் வேலையாக நாற்காலியை ஜன்னலோரம் இழுத்துப் போட்டு, உட்கார்ந்து மூன்றாவது பிடியைப் பிடித்தேன். முகம் கழுவியதுகூட அதற்குப் பிறகுதான்.