சாம்பிராணி போட்ட கார்

காரை விற்பது என்று முடிவானதும் முதல் வேலையாக முருகனைக் கழற்றினேன். டேஷ்போர்டில் பசை போட்டு ஒட்டிய சின்ன வெண்கல முருகன். வெந்நீரில் துணியை நனைத்து ஒற்றி ஒற்றி எடுத்து, வீட்டுச் சாமி அலமாரியில் கொண்டுபோய் வைத்தேன். பிறகு பானெட்டில் இருந்த சந்தனக் கறையைத் துடைத்தேன். இருக்கைக்கு அடியில் சேர்ந்திருந்த பார்க்கிங் சீட்டுகளைப் பொறுக்கினேன். நம் வீட்டை விட்டுப் போகிற பொருள் மங்கலமாகப் போகட்டும் என்று, கடைசியில் நான்கு கதவையும் சாத்தி உள்ளே சாம்பிராணி போட்டேன்.

விற்க எனக்கு மனமே இல்லை. இடது முழங்கால்தான் விற்க வைத்தது. பினாங்குப் பாலத்து நெரிசலில் கிளட்ச்சை மிதித்து மிதித்து அக்கரையில் பிறை ஊரில் இருக்கும் என் தொழிற்சாலைக்குப் போய் இறங்கினால், காலை ஊன்ற முடியாது. டாக்டர் ஆட்டோ கியருக்கு மாறச் சொல்லிவிட்டார். இதை விற்றால்தான் அதை வாங்க முடியும். அதுவரை, ஜெலுத்தோங்கில் என் பிளாட்டிலேயே குடியிருக்கும் சூப்பர்வைசரின் காரில் தொற்றிக்கொண்டு போனேன். வழி நெடுக அவர் என் சம்பளம், என் சேமிப்பு, நான் ஏன் கல்யாணம் செய்துகொள்ளவில்லை என்று விசாரித்துக்கொண்டே ஓட்டுவார். யாருக்கும் பதில் சொல்லாமல், கதவைச் சாத்திக்கொண்டு போய்வர எனக்கு ஒரு கார் வேண்டும். அவ்வளவுதான்.

கார் வியாபாரிகள் சொன்ன விலையைக் கேட்டு வயிறு எரிந்தது. நானே கைப்பேசியில் விளம்பரம் போட்டேன். அன்றிலிருந்து எனக்கு மனிதர்கள் மேல் இருந்த கொஞ்சநஞ்ச நம்பிக்கையும் போயிற்று. காரைப் பார்க்காமலே "லாஸ்ட் பிரைஸ் எவ்வளவு?" என்று கேட்டவர்களை அப்படியே துண்டித்தேன். முதலில் நேரில் வந்தவர் காலேஜ் போகும் மகளுக்கு என்றார். ஆனால் கதவுகளை விரலால் தட்டித் தட்டிப் பார்த்த லட்சணத்தில் ஆள் புரோக்கர் என்று தெரிந்துவிட்டது. உள்ளே தலையை நீட்டினார், மூக்கை உறிஞ்சினார், என்னை ஒரு மாதிரி பார்த்தார்.

"நல்லா வாசமா இருக்கு," என்றார்.

பாராட்டு என்று எடுத்துக்கொண்டேன். போனவர் திரும்பவில்லை. கண் பட்டிருக்கும் என்று சாயங்காலம் மறுபடியும் சாம்பிராணி போட்டேன். அடுத்து வந்தவரும் அப்படியே முகர்ந்து பார்த்துவிட்டுப் போனார். அவருக்கும் ஒரு தடவை போட்டேன். வந்துபோன ஒவ்வொருவருக்கும் கரியும் புகையும் கூடிக்கொண்டே போயின.

அக்கரையில் பைராம் தோட்டத்துப் பக்கமிருந்து ஒரு குடும்பம் வந்தது ஒரு ஞாயிற்றுக்கிழமை. கணவன் செம்பனை லாரி ஓட்டுகிறாராம். ஒரே மோட்டார் சைக்கிளில் மூன்று பேர், நடுவில் சின்னப் பெண் குழந்தை. அந்தக் கரையில் இல்லாத காரா, எதற்கு பாலம் தாண்டி வருகிறார்கள் என்று எனக்கு அப்போதே உறுத்தியது. வாங்க என்று சொல்வதற்கு முன் மோட்டார் நம்பரைப் படம் பிடித்துக்கொண்டேன். லாரிக்காரரின் மனைவி அதைக் கவனித்தாள்.

அவளும் லேசுப்பட்டவள் இல்லை. பின்கதவைத் திறந்து, சீட் பெல்ட்டை அடிவரை இழுத்து விரலால் தேய்த்துப் பார்த்தாள். காலடிக் கம்பளத்தைத் தூக்கினாள். பின்னால் டிக்கியைத் திறந்து ஸ்பேர் டயருக்கு அடியில் கைவிட்டு, விரலை முகர்ந்தாள்.

"அக்கா, இந்தக் காடி பஞ்சிர்ல நின்னுச்சா?"

எனக்குச் சுருக்கென்றது. பஞ்சிரில், அதாவது வெள்ளத்தில், முங்கிய கார்களைக் காயவைத்து, வாசனை அடித்து, தெரியாதவர் தலையில் கட்டுவது பினாங்கில் ஊரறிந்த சங்கதி.

"ஒரு நாளும் நிக்கல. மழை கனத்தா கொண்டுபோய் மேட்டுல நிப்பாட்டிருவேன்."

"அப்புறம் ஏங்க்கா இவ்வளவு சாம்பிராணி?"

"சாமிக்குப் போட்டதுலா."

அவள் டேஷ்போர்டில் இருந்த பசைத் தடத்தைப் பார்த்தாள். "சாமிதான் உள்ள இல்லையே," என்றாள்.

வந்தவர்கள் எல்லாம் மூக்கை உறிஞ்சியது எதற்கு என்று அப்போதுதான் எனக்கு உறைத்தது.

ஓட்டிப் பார்க்க வேண்டும் என்றார் கணவர். அறிமுகமில்லாத ஆணோடு நான் காரில் ஏற மாட்டேன். மனைவி, பிள்ளை, மோட்டார் மூன்றையும் பிணையாக வைத்துக்கொண்டுதான் சாவியைக் கொடுத்தேன். கீழ்த்தளத்துச் சிமெண்டு பெஞ்சில் நாங்கள் இருவரும் உட்கார்ந்தோம். குழந்தை கார் போன பக்கமே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"முன்னால ஒரு காடி வாங்குனோம்க்கா," என்றாள் அவள். "சொந்தப் பெரியப்பா மகன்கிட்ட. அதுலயும் இதே சாம்பிராணி வாசம்தான். ஹைவேல மழையில கரண்டு மொத்தமும் செத்துப்போச்சு. புகை வருது, கதவு தொறக்கல, பாப்பா உள்ள. கண்ணாடிய ஒடச்சித்தான் வெளிய எடுத்தோம்."

"அடப் பாவமே."

"நீங்க நல்லவங்க மாதிரிதான் இருக்கீங்க. அவரும் அப்படித்தான் இருந்தாரு."

எனக்கு மனசு இளகியது உண்மை. விலையைக் குறைக்கச் சொல்லும் கதையாகவும் இருக்கலாமே என்று அதே மனசு கணக்குப் போட்டதும் உண்மை.

போனவர் வரவில்லை. அவள் போன் அடித்தாள், அடித்துக்கொண்டே இருந்தது, எடுக்கவில்லை. மோட்டாரே திருட்டு மோட்டாராக இருந்தால், இவளே கூட்டாளியாக இருந்தால் என்றெல்லாம் என் புத்தி ஓடியது. அவளும் எழுந்து எழுந்து வாசல் வரை போய்விட்டு வந்தாள். "எங்க போய்த் தொலைஞ்சாரு இந்த மனுசன்," என்று முனகினாள். நடிப்பா என்று அவள் முகத்தை உற்றுப் பார்த்தேன். அவளும் என்னை அப்படித்தான் பார்த்தாள்.

ஒருவழியாகக் கார் வந்தது. இறங்கியவரின் கையெல்லாம் கிரீஸ்.

"பசார் பக்கத்துல ஒரு ஒர்க்‌ஷாப்ல தூக்கிப் பார்த்தேன். சீட்டக்கூட கழட்டிப் பார்த்தாச்சு," என்றார்.

"யாரக் கேட்டுக் கழட்டுனீங்க?"

"கேட்டா விட்டிருக்க மாட்டீங்கக்கா."

அது சரிதான். அதனாலேயே கோபம் இன்னும் ஏறியது. அவர் அதைப் பொருட்படுத்தாமல் மனைவியிடம் சொன்னார்: "ஒரு பொட்டு சேறு இல்ல. ஒயரெல்லாம் புதுசு மாதிரி இருக்கு."

"இப்ப நம்புறியா தங்கச்சி?" என்றேன். அவள் தலையை ஆட்டினாள். விலை பேசி முடித்தோம்.

அரசாங்கப் பரிசோதனையிலும் கார் எந்தக் குறையும் இல்லாமல் தேறியது. பெயர் மாற்றும் நாளில், பணம் கணக்கில் ஏறியதை நான் கைப்பேசியில் பார்த்த பிறகே கட்டைவிரலை வைத்தேன். அவளும் எஞ்சின் நம்பரைத் தன் கண்ணாலேயே ஒப்பிட்டுப் பார்த்த பிறகுதான் கணவனை வைக்க விட்டாள். சாவியைக் கொடுக்கும்போது, இனி சூப்பர்வைசருக்குப் பதில் சொல்ல வேண்டாம் என்று எனக்கு நிம்மதியாக இருந்தது.

வெளியே, கணவர் காரில் ஏறினார். அவள் மோட்டாரை எடுத்தாள். குழந்தை ஓடிப்போய்க் காரின் பின்கதவுப் பிடியில் தொங்கினாள்.

"பாப்பா, இங்க வா."

குழந்தையைத் தூக்கி மோட்டாரில் தனக்குப் பின்னால் உட்கார வைத்து, துப்பட்டாவால் தன் இடுப்போடு சேர்த்துக் கட்டினாள்.

"அப்பாகூட காடியில வரட்டுமே. பாலத்துல காத்து ஆள தள்ளும்," என்றேன்.

"இருக்கட்டும்க்கா. மொதல்ல அவரு கொஞ்ச நாளு ஓட்டிப் பார்க்கட்டும்."

அவள் குரலில் கோபமோ குத்தலோ இல்லை. அதுதான் எனக்குத் தாங்கவில்லை. காரைத் தூக்கிப் பார்த்து, கழற்றிப் பார்த்து, பணமும் கொடுத்து வாங்கியாயிற்று. என் பேச்சை மட்டும் அவள் வாங்கவில்லை.

மோட்டார் முதலில் கிளம்பியது. குழந்தை ஹெல்மெட்டோடு திரும்பித் திரும்பிக் காரையே பார்த்துக்கொண்டு போனாள். கார் மெதுவாக அவர்கள் பின்னால் போயிற்று, பின்னிருக்கை காலியாக.