திரும்ப இடமில்லாத குழாய்

விண்வெளிக் கப்பல் சீரியல் பாத்துட்டு யாராச்சும் சாகக் கிடந்திருக்கீங்களா? எங்க ஊட்ல ரெண்டு பேர் கிடந்தோம்.

எழுபதுகளோட கடைசி. அம்பத்தூர். எனக்குப் பதினஞ்சு வயசு. அம்மா கம்பெனி வேலைக்குப் போயிடுவாங்க. அதனால எட்டாவதோட பள்ளிக்கூடத்தை நிறுத்திட்டு, சின்னத் தங்கச்சி மலரைப் பாத்துக்கினு இருந்தேன்.

தெருவுக்கே ஒரு டிவி. அதுல வாரா வாரம் ஒரு இங்கிலீஷ் சீரியல்.

வசனம் ஒண்ணும் புரியாது. (டிவி ஊட்டு அக்கா கதை சொல்லுவாங்க. அது இன்னும் புரியாது.)

ஆனா கப்பல்ல ஏதாச்சும் ரிப்பேர்னா, செவுத்துல ஒரு பலகையைக் கழட்டிட்டு, உள்ள குழாய் மாதிரி ஒரு வழியில ஊர்ந்து போவாங்க. அது மட்டும் நல்லாப் புரியும். அங்க யாரும் பேச மாட்டாங்களே.

நானும் யார்கிட்டயும் பேச மாட்டேன். அந்த வழி எனக்கு அவ்ளோ புடிக்கும்.

மலருக்கும் புடிச்சிருக்குன்னு எனக்குத் தெரியல.

தெருமுனையில கால்வாய்க்குப் பள்ளம் வெட்டி, சிமெண்ட் குழாய் போட்டுக்கினு இருந்தாங்க. ஒரு மத்தியானம் மழை வந்துச்சு, ஆளுங்க போயிட்டாங்க. மலரைத் தேடிக்கினு போனா, குழாய்க்குள்ளருந்து அழுகை.

"அக்கா, திரும்ப முடியலக்கா."

எதிர்லயே டீக்கடை. ஓடிப்போய் நின்னேன். வாய் வரல.

"இன்னாமா, டீயா?"ன்னார் கடைக்கார அண்ணன்.

இல்லைன்னு தலையாட்டிட்டு ஓடியாந்துட்டேன். (சிரிச்சுக்கோங்க.)

மழை வலுத்துச்சு. பள்ளத்துல எறங்குற தண்ணி நேரா குழாய்க்குள்ளதான் போவுது.

தலையை உட்டு ஊர்ந்தேன்.

அப்பதான் டிவிக்காரன் பண்ண வேலை புரிஞ்சுது. கப்பல் வழியில எப்பவும் வெளிச்சம் இருக்கும். நிமிந்து உக்காரலாம், திரும்பலாம். மூஞ்சிக்கு நேரா கேமரா வெச்சிக்கினு ஒருத்தன் வேற உக்காந்திருப்பான்! இங்க கும்மிருட்டு. தோள் ரெண்டு பக்கமும் உரசுது.

மலரும் டிவியில பாத்த மாதிரியே பாதியில திரும்பப் பாத்திருக்கா. முதுகு ஒரு பக்கம், முட்டி ஒரு பக்கம் முட்டிக்கினு, மடிஞ்சு மாட்டியிருந்தா.

கையைப் புடிச்சு இழுத்தேன். அலறினா.

"இழுக்காதக்கா. தண்ணி வருதுக்கா."

மூச்சை வெளிய உடச் சொன்னேன். முட்டியை அமுக்கிப் புடிச்சு, காலைக் கொஞ்சம் கொஞ்சமா நீட்ட வெச்சேன். ஒருவழியா படுத்துட்டா.

இனி நான் பின்பக்கமாவே ஊர்ந்து வெளிய போவணும். ரெண்டு கையும் அவளைப் புடிச்சிருக்கு. முட்டி சேத்துல வழுக்குது. தண்ணி முழங்கைக்கு மேல வந்துடுச்சு.

என் தொண்டை எவ்ளோ பெருசுன்னு அன்னிக்குதான் எனக்கே தெரியும்.

"அண்ணாத்தே! காலைப் புடிச்சு இழு!"

ரெண்டு கை என் கணுக்காலைப் புடிச்சுது.

எங்களை வெளிய இழுத்துப் போட்ட டீக்கடை அண்ணன், மூச்சு வாங்கிக்கினே கேட்டார்: "வந்து நின்னியே, அப்பவே சொல்றதுக்கு இன்னா? வாயில கொழுக்கட்டையா?"

சாயங்காலம் அம்மா வர்றதுக்குள்ள தெரு முழுக்கச் சேதி. மலரைக் கட்டிப் புடிச்சு அழுதுட்டு, என் பக்கம் திரும்பினாங்க.

"வயசுக்கு வந்த பொண்ணு காலை எவனோ புடிச்சு இழுத்தானாமே?"

வழக்கமா தலையைக் குனிஞ்சுக்குவேன்.

"அவரு புடிக்கலைன்னா, குழாயை ஒடச்சுதான் எங்க ரெண்டு பேரையும் எடுத்திருப்பாங்கம்மா."

அம்மா என் முட்டிச் சிராய்ப்புல மஞ்சளைக் கொழைச்சு வெச்சாங்க. புடவையை இழுத்துச் சொருவிக்கினு நேரா டீக்கடைக்கு நடந்தாங்க.

சண்டைக்குத்தான்னு நெனச்சு பின்னாலயே ஓடினேன்.

அம்மா ரெண்டு டீ போடச் சொன்னாங்க.

ஒண்ணை எடுத்து, டீ போட்ட அண்ணன் கையிலயே குடுத்தாங்க.