வீணாய்ப் போன ஒரு கேத்தில் தேநீர்

போன கிழமை எங்கள் வீட்டில் ஒரு கேத்தில் தேநீரை வாழை அடியில் ஊற்றினோம்.

முழுக் கேத்தில். மூக்கு வைத்த அந்தப் பாத்திரம் விளிம்பு முட்ட. அதுவும் சீனி போட்ட தேநீர். சூடுகூட ஆறியிருக்கவில்லை.

வாசிக்கும்போதே உங்களில் பலருக்கு நெஞ்சு பதைக்கும் என்று தெரியும். சீனியைக் கண்ணால் காண்பதே அபூர்வமாகிவிட்ட இந்தச் சண்டைக் காலத்தில் இப்படியும் ஒரு அநியாயமா? என்னைத் திட்ட முதல் கொஞ்சம் பொறுங்கள். கதையைச் சொல்லிவிடுகிறேன், பிறகு திட்டலாம்.

ஆனால் நான் எதையும் நேராகச் சொல்கிற ஆள் இல்லை என்பது இந்தப் பத்தியை விடாமல் படிக்கிறவர்களுக்குத் தெரியும். முதலில் தேநீரைப் பற்றிக் கொஞ்சம் கதைப்போம்.

மண்ணெண்ணெய் இல்லை. மின்சாரம் இல்லை. இந்தப் பத்தி அச்சாகிற தாள்கூடப் பள்ளிக்கூடக் கொப்பிக்கென்று கோடு போட்ட தாள். எல்லாவற்றையும் பொறுத்துக்கொள்கிறேன். காலையில் ஒரு தகரப் பேணி தேநீர் கிடைக்காவிட்டால் மட்டும் எனக்குப் பேனை நகராது.

எனக்குப் பிடித்தது பால் விடாத வெறும் தேநீர். பால்மா கிடைக்காததால் வந்த வைராக்கியம் என்று நினைக்காதீர்கள் – பால்மா கடைக்குக் கடை கிடந்த நாட்களிலும் எனக்கு அதுதான். சாயம் கடுமையாக இருக்கவேண்டும். சூடு உதட்டைச் சுடவேண்டும். பனங்கட்டியில் ஒரு சின்னத் துண்டை முன்பல்லால் கடித்து, நாக்கின் ஓரத்தில் ஒதுக்கி வைத்துக்கொண்டு, அதன்மேலால் தேநீரை மெல்ல உறிஞ்சவேண்டும். முதலில் கசப்பு... பின்னால் மெதுவாக இனிப்பு. பனங்கட்டி கரைந்து முடிகிற நேரம் பேணியும் முடியவேண்டும். இந்தக் கணக்குப் பிழைத்தால் அன்றைக்கு எனக்கு ஒன்றுமே சரிவராது.

மழை நாளில் ஆட்டுப்பால் தேநீர். இஞ்சி தட்டிப் போட்டது. ஆட்டுப்பால் மணக்கும் என்று முகம் சுழிக்கிறவர்களுக்கு இஞ்சி தட்டத் தெரியாது என்பது என்னுடைய அபிப்பிராயம்.

கோப்பாய்ச் சந்திக் கடைத் தேநீரும் பிடிக்கும். ருசிக்காக அல்ல, முதலாளிக்காக. துணி வடியில் ஒருக்கால் போட்ட தேயிலையை அவர் லேசில் மாற்றமாட்டார். சாயம் காணாதே என்று ஒருநாள் கேட்டேன்.

"நிறம் வர நேரமெடுக்கும் மாஸ்ரர். பொறுத்துக் குடியுங்கோ" என்றார்.

நான் பள்ளிக்கூட மாஸ்ரரும் இல்லை, நிறம் வரவும் இல்லை. பொறுத்துத்தான் குடித்தேன். பொறுப்பதில் எங்கள் சனத்துக்கு இப்போது நல்ல பயிற்சி.

ஹெலிகொப்ரர் சத்தம் கேட்டால் என் மனைவி பதுங்குகுழிக்கு ஓடும்போது ஒரு தேங்காய்ச் சிரட்டையால் தேநீர்ப் பேணியை மூடி, கையோடு கொண்டு வருவாள். மண் கொட்டிவிடுமாம். உயிர் போகிற நேரத்தில் இதென்ன வேலை என்று கேட்டால், "இருந்தாக் குடிக்கலாம்தானே" என்பாள். 

எங்கள் ஒழுங்கைக்கு, இந்தச் சின்னத் தெருவின் வீடுகள் எல்லாவற்றுக்கும், தேயிலையைக் கொண்டுவந்து தந்தவர் நடராசா.

பக்கத்து வளவுக்காரர், எங்கள் வேலிக்கு அங்காலே வீடு. முன்பு நீர்வேலி வாழைக்குலைகளை லொறியில் கொழும்புக்கு ஏற்றியவர். சண்டையில் கொழும்புப் பாதை அடைபட்டபிறகு லொறி வீட்டு முற்றத்தில் நின்றுவிட்டது, நடராசா சைக்கிளில் ஏறிவிட்டார். கிளாலிக் கரையில் சைக்கிளையும் தூக்கிப் படகில் போட்டு, நேவிக்குப் பயந்து இருட்டில் கடல்நீரேரியைக் கடந்து, அங்காலே இறங்கி வவுனியா வரைக்கும் சைக்கிள் உழக்குவார். வரும்போது தேயிலை, சவர்க்காரம், யாராவது சொல்லிவிட்ட மருந்து. தேயிலையைப் பொலித்தீன் பையில் கட்டி, தலையணை உறைக்குள் போட்டு, படகில் அதை நெஞ்சோடு அணைத்துக்கொண்டுதான் இருப்பாராம்.

"நான் நனைஞ்சாக் காய்ஞ்சிடுவன் அண்ணை. உது நனைஞ்சா என்ன செய்யிறது?" என்பார்.

ஒருமுறை நனைந்தே வந்தது. அந்த மாதம் முழுக்க எங்கள் ஒழுங்கை உப்புக் கரிக்கும் தேநீர்தான் குடித்தது. ஒருவரும் குறை சொல்லவில்லை. நடராசா மட்டும் ஒவ்வொரு வீட்டு வாசற் படலையிலும் நின்று மன்னிப்புக் கேட்டார். அப்படி ஒரு ஆள்.

பிள்ளைகள் இல்லை. அவரும் மனைவி பரிமளமும்தான். அவர் கடலில் இருக்கிற இரவுகளில் பரிமளம் நித்திரை கொள்ளமாட்டாள் என்று என் மனைவி சொல்லியிருக்கிறாள்.

இனி அந்தக் கேத்திலுக்கு வருகிறேன்.

போன கிழமை ஒரு காலை. சாவகச்சேரிப் பக்கமிருந்து வந்த தெரிந்தவர் ஒருவர் எங்கள் படலையில் சைக்கிளை நிறுத்தினார். காலை ஊன்றினாரே தவிர இறங்கவில்லை.

"கிளாலியிலை இரவு படகுகளுக்கு நேவியின்ரை துவக்குச் சூடு விழுந்திட்டுதாம் அண்ணை. நடராசாவும் அதுக்கைதான் வந்தவராம். அந்தப் படகிலை ஆரும் மிஞ்சேல்லையெண்டு கதைக்கினம்."

சொல்லிவிட்டுப் போய்விட்டார். என் பின்னால் நின்ற மனைவி அழவில்லை. நேரே அடுப்படிக்குப் போய்க் கேத்திலைக் கழுவினாள்.

"என்னப்பா செய்யிறீர்?" என்று கேட்டேன்.

"சனம் வரப்போகுது. பரிமளத்தின்ரை வீட்டிலை இனி அடுப்பு மூட்டேலாது. வாற சனத்துக்கு ஆர் தேத்தண்ணி ஊத்துறது?"

சாவு விழுந்த வீட்டில் அடுப்பு எரியக்கூடாது. அயல்தான் தேநீர் வைத்துக் கொண்டுபோய் எல்லாருக்கும் கொடுக்கவேண்டும். இது உங்களுக்கு நான் சொல்லித் தரவேண்டிய விஷயமா? கடந்த சில வருடங்களில் நாங்கள் எல்லாரும் இதில் கைதேர்ந்துவிட்டோம். எங்கள் கேத்திலுக்கு இந்த ஒழுங்கையில் தெரியாத வீடு இல்லை.

பொங்கலுக்கென்று அரிசிப் பானைக்குள் ஒளித்து வைத்திருந்த சீனி முழுவதையும் மனைவி கேத்திலுக்குள் கொட்டினாள். நடராசாவுக்கல்லவா? முன்வீட்டுத் தவமணி ரீச்சர் தட்டத்தில் பேணிகளை அடுக்கிக்கொண்டு வந்துவிட்டார். அவருக்கும் செய்தி போயிருந்தது. கேத்திலோடு மனைவி, தட்டத்தோடு ரீச்சர், வெறுங்கையோடு நான் – மூன்று பேருமாக வேலிப் பொட்டின் இடைவெளிக்குள்ளால் நுழைந்து பரிமளத்தின் வளவுக்குள் போனோம்.

அவள் கிணற்றடியில் இருந்து ஒரு சட்டியைச் சாம்பல் போட்டு மினுக்கிக்கொண்டிருந்தாள். வீட்டில் வேறு ஒருவரும் இல்லை. அழுகைச் சத்தம் இல்லை. அப்போதுதான் எனக்கு உறைத்தது... இவளுக்கு இன்னும் ஒருவரும் சொல்லவில்லை.

பரிமளம் தலையை நிமிர்த்தினாள். எங்கள் முகங்களைப் பார்க்கவில்லை. கேத்திலைப் பார்த்தாள். பேணிகளைப் பார்த்தாள்.

எங்கள் ஊரில் ஒரு வீட்டுக்கு அயலவர்கள் கேத்திலும் பேணியுமாகப் போவது எதற்கு? வாய் திறந்து சொல்ல எங்களில் ஒருவருக்கும் தைரியம் வரவில்லை. வரவேண்டிய தேவையும் இருக்கவில்லை. செய்தியைக் கேத்தில் சொல்லிவிட்டது.

சட்டி அவள் கையிலிருந்து நழுவிக் கிணற்றுக் கட்டில் உருண்டது. அதை எடுத்து நிமிர்த்தி வைத்துவிட்டு எழுந்தாள்.

"ஆர் கண்டது?" என்று கேட்டாள்.

ரீச்சர் தட்டத்தை மற்றக் கைக்கு மாற்றினார்.

"அண்ணை, உங்களைத்தான் கேக்கிறன். ஆரும் கண்ணாலை கண்டவையோ?"

"இல்லைப் பிள்ளை... கதைக்கினம்" என்றேன். 

"அப்ப உதைத் திருப்பிக் கொண்டு போங்கோ. என்ரை வீட்டிலை அடுப்பு எரியும்."

மனைவி அவளைப் பிடிக்கப் போனாள். பரிமளம் கையை விலக்கிவிட்டு அடுப்படிக்குள் போனாள். காய்ந்த தென்னம்பாளை முறிகிற சத்தம் கேட்டது. கொஞ்ச நேரத்தில் கூரைக்கு மேலால் புகை வந்தது. நாங்கள் மூன்று பேரும் முற்றத்தில், நின்ற லொறிக்குப் பக்கத்தில், கேத்திலை வைத்துக்கொண்டு நின்றோம். போகவும் முடியவில்லை, இருக்கவும் முடியவில்லை.

பேணிகளில் தேநீர் ஊற்றிக் கொண்டுவந்து தந்தாள். பனங்கட்டித் துண்டும் தந்தாள்.

"இருந்து குடியுங்கோ. அவர் வந்தாக் கேப்பார், வந்தவைக்குத் தேத்தண்ணி குடுத்தனீரோ எண்டு."

குடித்தோம். நடராசா போனமுறை கொண்டுவந்த தேயிலை. நல்ல சாயம், நல்ல சூடு. பனங்கட்டி என் வாயில் கரையவே இல்லை. விழுங்கினேன்.

எங்கள் கேத்திலைத் திருப்பி எடுத்து வந்தோம். சாவு வீட்டுக்கென்று வைத்த தேநீரை யார் குடிப்பது? குடித்தால் அந்தச் சாவை நாங்கள் ஒப்புக்கொண்ட மாதிரி ஆகிவிடாதா? மனைவி வாழை அடியில் ஊற்றினாள். ஊற்றும்போதுதான் அவளுக்கு அழுகை வந்தது. இவ்வளவுதான் அந்த அநியாயத்தின் கதை. இப்போது திட்டுகிறவர்கள் திட்டலாம்.

நாங்கள் கெட்ட சனமா? இல்லை. ஓடிப்போய் உதவுகிற சனம். ஆனால் சாவு எங்களுக்கு அவ்வளவு பழகிவிட்டது. செய்தி உண்மையா என்று வாய் கேட்பதற்குள் கை கேத்திலை அடுப்பில் வைத்துவிடுகிறது. குண்டுக்குக்கூட நான் இவ்வளவு பயப்பட்டதில்லை... இந்தப் பழக்கத்துக்குப் பயப்படுகிறேன்.

அதன்பிறகு பரிமளத்தின் அடுப்பு அணையவில்லை. விடிய எழும்பினால் புகை. மத்தியானம் புகை. பொழுதுபட்டாலும் புகை. பாளை, மட்டை, கொக்கரை என்று இருந்த விறகெல்லாம் எரிந்து முடிந்து, கோழிக்கூட்டுப் பலகையையும் கழற்றி எரித்தாள். படலையைத் திறந்து யார் போனாலும் தேநீர். துக்கம் விசாரிக்கிற முகத்தோடு போனவர்களெல்லாம் பேணியைக் கையில் வாங்கிக்கொண்டு, மழையைப் பற்றியும் வாழைக்குலை விலையைப் பற்றியும் கதைத்துவிட்டு வந்தார்கள். சிலர் அவளுக்கு மனம் பேதலித்துவிட்டது என்றார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. அவளுக்கு எல்லாம் விளங்கியிருந்தது. அதனால்தான் அடுப்பை விடவில்லை.

நான் ஒருநாள் சைக்கிளில் கிளாலிப் பக்கம் போய்வந்தேன். கரைக்குக் கொண்டுவந்த உடல்களில் நடராசாவினுடையது இல்லை. சில படகுகள் அக்கரைக்கே திரும்பியிருக்கலாம் என்றார் ஒருவர். திரும்பியிருந்தால் இதற்குள் செய்தி வந்திருக்கும் என்றார் இன்னொருவர். பரிமளத்தின் தம்பி, அரியாலையில் இருப்பவர், அந்தக் கரையில் அங்குமிங்கும் நடந்துகொண்டிருந்தார். சவரம் செய்யாத முகம். என்னைக் கண்டு தலையை அசைத்தார், அவ்வளவுதான்.

திரும்பி வந்து அவளிடம் போனேன். என்ன சொல்வது என்று வழியெல்லாம் வசனம் தேடிக்கொண்டு வந்தேன்.  அவள் பேணியை நீட்டினாள். அதற்குள் தேயிலை முடிந்துகொண்டு வந்திருந்தது. பழைய சக்கையையே திரும்பவும் கொதிக்க வைத்திருந்தாள். வெந்நீரில் சாடையான ஒரு நிறம்.

"சாயம் காணாது, என்ன அண்ணை?"

"நல்லாயிருக்குப் பிள்ளை" என்றேன்.

பொய்தான். ஆனால் அதைக் கடைசிச் சொட்டு வரை குடித்தேன். அந்த வெந்நீரைப் பாதியில் வைத்துவிட்டு எழும்பியிருந்தால் அவள் முகத்தை என்னால் பார்த்திருக்க முடியாது.

நடராசா எங்காவது ஒரு கரையில் இருந்து, தலையணை உறையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு, அடுத்த படகுக்குக் காத்திருக்கக்கூடாதா? நான் சாமி கும்பிடுகிறதில் பெரிய கெட்டிக்காரன் இல்லை. ஆனாலும் அந்த நாட்களில் விடிய எழும்பியதும் வேலிக்கு மேலால் முதலில் பார்த்தது அந்தப் புகையைத்தான். கண்டால் மனம் கொஞ்சம் ஆறும். அவளுக்கு இன்னும் நம்பிக்கை இருக்கிறது, எங்களுக்கும் இருந்துவிட்டுப் போகட்டும்.

நேற்று விடியப் பார்த்தேன். புகை இல்லை.

விறகு முடிந்திருக்கும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். பரிமளத்தின் படலையில் அவளுடைய தம்பியின் சைக்கிள் சாத்தியிருந்தது. அவர் முற்றத்து மண்ணில் குந்தியிருந்து, முழங்காலுக்குள் முகத்தை வைத்துக்கொண்டிருந்தார்.

வேலிப் பொட்டுக்குள்ளால் பரிமளம் எங்கள் வளவுக்குள் வந்தாள். கையெல்லாம் ஈரச் சாம்பல். தானே தண்ணீர் ஊற்றி அடுப்பை அணைத்துவிட்டு வந்திருக்கிறாள். என்னைக் கடந்து போய், என் மனைவிக்கு முன்னால் நின்றாள்.

"தம்பி கண்டிட்டான் அக்கா" என்றாள். "இனி நீங்கள் தேத்தண்ணி வைக்கலாம்."

இந்தமுறை நாங்கள் அவசரப்படவில்லை.