கியர் இல்லாத வண்டியும் கல் வைக்கும் கணவரும்

போன வாரம் என் வீட்டுக்காரரை மலைப்பாதையில் விட்டுவிட்டு, என் பாட்டுக்குப் போய்விட்டேன்.

பதற வேண்டாம்... ஆள் பத்திரமாகத்தான் இருக்கிறார். இதை நான் எழுதிக்கொண்டிருக்கும்போது, பக்கத்து அறையில் டி.வி. சத்தத்தைக் கூட்டி வைத்து என்னைப் பழிவாங்கிக்கொண்டிருக்கிறார்.

எல்லாம் கார் வாங்கும் பேச்சில் ஆரம்பித்தது. மலைக்கு மேலே, பூப்பாறைப் பக்கம் எங்களுக்குக் கொஞ்சம் ஏலத்தோட்டம் இருக்கிறது. இத்தனை வருஷமும் இவர்தான் பழைய ஜீப்பில் போடிமெட்டு ஏறிப் போய் வந்தார். கண் ஆபரேஷனுக்குப் பிறகு மலையில் ஓட்டக் கூடாது என்று டாக்டர் சொல்லிவிட, ஜீப்பை விற்றோம். சரி, இனி நான் ஓட்டுகிறேன் என்றேன்.

என்னிடம் லைசன்ஸ் இருக்கிறது. தம்பியின் காரை இரவல் வாங்கி போடி பஜாரில் ஓட்டியும் இருக்கிறேன். எதிரே லோடு ஆட்டோ, பக்கத்தில் மாடு, நடுரோட்டில் பைக்கை நிறுத்திக் கல்யாணப் பேச்சு பேசும் இரண்டு பேர்... இதற்குள் புகுந்து வெளியே வந்தவளுக்கு எந்த ஊர் டிராஃபிக்கும் பயமில்லை என்பது என் கருத்து. சென்னையில் இருக்கும் என் மகள் இதைக் கேட்டுச் சிரிக்கிறாள்.

இவர் சிரிக்கவில்லை. "பஜாரு வேற, மலை வேற. காரு வாங்குவோம். டிரைவர் போட்டுக்கிருவோம்" என்றார்.

எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. டிரைவர் லீவு போடாத நாளில்தான் நான் தோட்டத்துக்குப் போக வேண்டுமா? எனக்கு வேண்டியது டிரைவர் இல்லை, சாவி. மூன்று நாள் பேச்சுவார்த்தை இல்லாத சமையலுக்குப் பிறகு ஒரு முடிவுக்கு வந்தோம். டெஸ்ட் டிரைவில் நானே போடிமெட்டு வரை ஏற்றி இறக்கிக் காட்ட வேண்டும். காட்டினால் சாவி என் கையில். திணறினால் டிரைவர்.

அடுத்தது, எந்தக் கார்? இந்தக் கேள்வியை மட்டும் வாய்விட்டுக் கேட்டுவிடாதீர்கள். எதிர்வீட்டு ஏலக்காய்க் கமிஷன் கடைக்காரரிடம் ஏர்பேக், மைலேஜ் என்று நான் அடுக்க அடுக்க, அவர் ஒன்றே ஒன்றுதான் கேட்டார் — டிக்கியில் எத்தனை மூட்டை போகும்? மகள் போனில் சன்ரூஃப் என்றாள். சாரல் அடிக்கிற மலையில் கூரையில் ஓட்டை எதற்கு என்றார் இவர். மருந்துக்கடைக்காரர் மட்டும் சன்ரூஃபுக்கு ஓட்டுப் போட்டார். வளைவில் வாந்தி வருகிறவர்களுக்கு நல்லதாம். எப்படி என்று கேட்க எனக்குத் தைரியம் வரவில்லை.

நான் ஆட்டோமேட்டிக் என்றதும் இதே மலையில் ஜீப் ஓட்டும் முருகேசன் வீட்டுக்கே வந்துவிட்டார். இவருக்குத் தம்பி முறை. "மதினி, கியர் இல்லாத வண்டி எறக்கத்துல சொன்ன பேச்சு கேக்காது" என்று எச்சரித்துவிட்டு, காபி குடித்துப் போனார். 'எல்' என்று ஒரு நிலை இருக்கிறது, அதில் போட்டால் இன்ஜினே வண்டியைப் பிடித்துக்கொள்ளும் என்று நான் சொன்னதை யார் கேட்டார்கள்? கவனித்திருக்கிறீர்களா... ஓட்டப் போகிறவரின் கருத்தைத் தவிர மற்ற எல்லோருடைய கருத்தும் கார் வாங்குவதற்கு அவசியம்.

தேனியிலிருந்து சேல்ஸ்மேன் வண்டியோடு வந்தார். பைபாஸில் ஒரு ரவுண்டு போதும் என்று நினைத்திருப்பார் போல. எங்கள் ஊரில் மலை ஏற்றிப் பார்க்காமல் எவரும் வண்டி வாங்குவதில்லை என்பது அவருக்குத் தெரியவில்லை. மலையடிவாரத்து முந்தல் தாண்டி முதல் வளைவு வந்ததும் சீட் பெல்ட்டை ஒருமுறை இழுத்துப் பார்த்துக்கொண்டார். பயத்தை மறைக்க ஃபீச்சர்களை அடுக்கினார். ஏற்றத்தில் நின்றால் வண்டி பின்னால் உருளாதாம், அதுவே பிடித்துக்கொள்ளுமாம்.

பின் சீட்டில் என் வீட்டுக்காரர். கைப்பிடியை விடவில்லை. ஹாரன் அடி, ஒதுங்கு, அகலமா ஒடிச்சுத் திருப்பு என்று மூச்சுக்கு ஒரு உத்தரவு.

பாதி மலையில், ஒரு வளைவில் மேலிருந்து பஸ் திரும்பிக்கொண்டிருந்தது. நிறுத்தினேன். வண்டி அசையவில்லை. சேல்ஸ்மேன் பெருமையோடு என்னைப் பார்த்தார்.

இங்கே ஒன்று சொல்ல வேண்டும். அந்தக் காலத்து ஜீப்பின் ஹேண்ட் பிரேக்கை எங்கள் ஊரில் யாரும் நம்பியதில்லை. ஏற்றத்தில் வண்டி நின்றால், கூட இருப்பவர் சட்டென்று குதித்துப் பின் டயருக்கு ஒரு கல் வைக்க வேண்டும். இவருக்கு அது யோசித்துச் செய்கிற வேலை இல்லை, தும்மல் மாதிரி தானாக வருவது.

பின்னால் கதவு சாத்தும் சத்தம் கேட்டது. சரியாகச் சாத்தாத கதவை இவர் திறந்து சாத்துகிறார் என்று நினைத்தேன். பஸ் கடந்தது. பின்னால் நின்ற வண்டிகள் ஹாரன் அடித்தன. ஆக்ஸிலேட்டரை மிதித்தேன். அருமையாக ஏறியது.

அடுத்த வளைவு. அதற்கடுத்த வளைவு. என்ன ஒரு நிம்மதி... மலை இத்தனை அழகு என்று அதுவரை எனக்குத் தெரியாது. பரவாயில்லையே, மனுஷன் வாயை மூடிவிட்டார், என் ஓட்டுதலைப் பார்த்து அசந்துபோய்விட்டார் என்று எனக்குள் ஒரே பூரிப்பு.

"ஏங்க, ஏசியைக் குறைக்கவா?" என்று கேட்டேன். சேல்ஸ்மேன் திரும்பிப் பார்த்தார். முகம் வெளுத்துவிட்டது.

"மேடம்... சாரைக் காணோம்."

இவருக்குப் போன் போட்டேன். பின் சீட்டில் மணி அடித்தது. அந்தப் பாதையில் நினைத்த இடத்தில் வண்டியைத் திருப்ப முடியாது. மேலே போய்த்தான் ஆக வேண்டும். போடிமெட்டு டீக்கடை வாசலில் நிறுத்தியதும் சேல்ஸ்மேன் ஒரு டீ வாங்கி என் கையில் கொடுத்தார். மலை ஏறி ஜெயித்த அன்றே புருஷனைத் தொலைத்தவளிடம் யார் சாவியைக் கொடுப்பார்கள்?

டீ ஆறுவதற்குள் முருகேசனின் ஜீப் வந்து நின்றது. முன் சீட்டிலிருந்து இவர் இறங்கினார்.

"வளைவுல அண்ணன் கையில கல்லோட நின்னாரு மதினி. யார் மேல எறியப்போறாரோன்னு பயந்துட்டேன்" என்றார் முருகேசன்.

இவர் என்னைப் பார்க்கவில்லை. காரைச் சுற்றி வந்தார். டயரைத் தட்டினார். "தானா நின்டுச்சாக்கும்" என்று காரிடம் கேட்டார்.

மன்னிப்புக் கேட்கலாம் என்றால் எனக்குச் சிரிப்பு முட்டிக்கொண்டு வந்தது. முருகேசன் ஜீப்பைத் திருப்பி நிறுத்தி, "அண்ணே, எறக்கம். பேசாம எங்கூட வந்துருங்க" என்று கூப்பிட்டார். இவர் ஜீப்பைப் பார்த்தார். காரைப் பார்த்தார். ஜீப்பில் ஏறினால் கதை முடிந்தது, டிரைவர்தான்.

சேல்ஸ்மேனைப் பின்னால் போகச் சொல்லிவிட்டு, காரில் என் பக்கத்தில் உட்கார்ந்தார்.

லிவரை 'எல்'லில் போட்டு மெல்ல இறக்கினேன். முதல் வளைவில் ஹாரன் அடி என்றார். அடுத்த வளைவில் "ம்" என்றார். அதற்குப் பிறகு சத்தமே இல்லை. இந்தத் தடவை நான் ஏமாறத் தயாராக இல்லை. உடனே திரும்பிப் பார்த்தேன்.

ஆள் இருந்தார். தலை கண்ணாடியில் சாய்ந்திருந்தது. வாய் லேசாகத் திறந்திருந்தது.

"மேடம், சார் தூங்கிட்டாரு. எழுப்பவா?" என்று பின்னாலிருந்து கிசுகிசுத்தார் சேல்ஸ்மேன். வேண்டாம் என்று தலையாட்டினேன். கண் கொஞ்சம் கலங்கிவிட்டது, ஒளிக்க என்ன இருக்கிறது?

ஆர்.டி.ஓ. ஆபீஸில் எனக்குக் கொடுத்தது வெறும் கார்டு... லைசன்ஸ் கிடைத்தது அந்த இறக்கத்தில்தான், குறட்டைச் சத்தத்தோடு.